பென்ரோஸின் பிழையில்லாத கணக்கு

ஆஸ்மண்ட் பென்ரோஸை யாராலும் ஏமாற்ற முடியாது. வாரிண்டா வட்டாரம் முழுக்க இதை ஒப்புக்கொண்டது. முப்பது வருடமாக அவரே வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்ததால், ஒப்புக்கொள்வதே ஊருக்குச் சுலபமாக இருந்தது.

அரசாங்கம் அவருக்குக் கொடுத்த வேலை எடைகளையும் அளவுகளையும் சோதிப்பது. கறிக்கடைக்காரரின் கட்டைவிரல் தராசுத் தட்டில் எப்போது உட்காரும், மளிகைக்காரர் சர்க்கரையோடு எவ்வளவு தடிமனான காகிதத்தையும் சேர்த்து நிறுப்பார், கோதுமை வியாபாரியின் எடைமேடைக்கு அடியில் எந்த இடத்தில் கல் இருக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மனிதர்கள் எல்லாரும் பொய் சொல்வார்கள், சாதனங்கள் சொல்லாது, அதையும் மனிதன் தொடாதவரைதான் என்பது அவர் கொள்கை. அவர் வெளியே போனதும் ஊர் அவரைத் ‘தராசு’ என்று கூப்பிடும். அது அவருக்கும் தெரியும். பட்டம் கிடைத்ததுபோல வைத்துக்கொண்டார்.

வருடத்தில் ஒரு வாரம் மட்டும் எடைக்கற்களைப் பெட்டியில் பூட்டிவிட்டு நிறுத்துகடிகாரத்தைக் கையில் எடுப்பார். அங்கே கோடை உச்சத்தில் இருக்கும் ஜனவரிக் கடைசியில் வாரிண்டாவின் கோதுமை வயல்களுக்கு நடுவே, நாலரை மைல் சுற்றில், ஒற்றை இருக்கைக் கார்களின் தேசியப் பந்தயம் நடக்கும். அந்தப் பந்தயத்தின் சலுகைக் கணக்கர் அவர்தான்.

அந்தக் காலத்தில் அந்த நாட்டில் எல்லாக் கார்களையும் ஒரே நேரத்தில் கிளப்பிவிடும் வழக்கம் இல்லை. பாதிக் கார்கள் கொட்டகையில் பழைய இரும்பைக் கூட்டிச் செய்தவை. மீதிப் பாதி கப்பலில் வந்தவை. ஒன்றாக விட்டால் மூன்றாம் சுற்றிலேயே கூட்டம் பீர் குடிக்கப் போய்விடும். அதனால் மெதுவான கார் முதலில் கிளம்பும். அதற்கு எத்தனை நிமிடம் கழித்து அடுத்தது, அதற்கு எத்தனை கழித்து அதற்கடுத்தது என்று ஒவ்வொருவருக்கும் சலுகை நேரம் உண்டு. எல்லாவற்றிலும் வேகமான காருக்குச் சலுகையே கிடையாது. எல்லாரும் போன பிறகு அது தனியாகக் கிளம்பும். கணக்கு சரியாக இருந்தால் இருபத்து நாலாவது சுற்றின் முடிவில் எல்லாக் கார்களும் கோட்டுக்கு ஒன்றாக வந்து சேரும். அப்படி ஒரு முடிவைப் பார்த்துவிட்டுச் செத்தால் போதும் என்று பென்ரோஸ் சொல்வதுண்டு. கார் ஓட்டுகிறவர்களுக்கு அவ்வளவு பெரிய ஆசைகள் இல்லை. சலுகை கூடுதலாகக் கிடைத்தால் போதும்.

ஆகவே ஒத்திகை நாளில் எல்லாரும் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டிப் பதுங்குவார்கள். அதற்குப் பெயரே பதுங்கல்தான். கறிக்கடை ஜாக் மொல்லோய், தேவாலய வளைவைத் தாண்டி மரமறைவில் காரை நிறுத்தி, நிதானமாக ஒரு சிகரெட் சுருட்டிப் பற்ற வைத்துவிட்டு வருவான். பென்ரோஸ் அவன் நேரத்தை எழுதிக்கொள்வார். பிறகு ஒரு சிகரெட் சுருட்ட ஆகும் நேரத்தைக் கழித்துவிடுவார்.

1948-இல், போருக்குப் பிறகு முதல் தடவையாகப் பந்தயம் நடந்தது. பென்ரோஸின் மகன் கிளெம் ஒத்திகையில் ஒரு சுற்றை மூன்று நிமிடம் நாற்பத்து நான்கு வினாடியில் ஓட்டினான். 1939-இல் இதே சாலையில், இதே காரில், மூன்று பதினான்கில் ஓட்டியவன். அது இன்னும் யாரும் தொடாத சாதனை. பென்ரோஸ் தாளைப் பார்த்துச் சிரித்தார். ஏழு தடவை ஓட்டியிருக்கிறான், ஏழு தடவையும் மூன்று நாற்பத்து நான்கு. மொல்லோய்க்குக்கூட இந்த ஒழுங்கு வராது. பிள்ளை பதுங்குவதிலும் அப்பன் பெயரைக் காப்பாற்றுகிறான் என்று ஒரு கணம் பெருமையாகவும் இருந்தது.

பையன் சண்டைக்குப் போனபோது காரைக் கோதுமைச் சாக்குகளால் மூடி வைத்தவர் அவர். அது துருப்பிடித்து இறுகிவிடக் கூடாதென்று, மாதத்தின் முதல் ஞாயிறன்று கொட்டகைக்குப் போய், சாக்கை விலக்கி, எஞ்சினைக் கையால் நாலு சுற்றுச் சுற்றிவிட்டு வருவார். கிளெம் சயாமில் ரயில் பாதை போடும் போர்க்கைதியாக இருந்த மூன்றரை வருடமும், அவன் உயிரோடு இருக்கிறானா என்று ஒரு கடிதாசிகூட வராத பதினான்கு மாதமும், அந்த ஞாயிறுகள் தவறவில்லை. அவன் திரும்பி வந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தான். கார் நன்றாக இருந்தது. பந்தயத்துக்கு விண்ணப்பத்தாளை நிரப்பி அவன் கையெழுத்துக்கு நீட்டியதும் அவர்தான். அவன் வாங்கிப் போட்டான். அங்கே அவன் கற்றுக்கொண்டு வந்த பழக்கம் அது, நீட்டினால் வாங்கிக்கொள்வது.

அன்று மாலை கொட்டகையில் கிளெம் காருக்கு அடியில் கிடந்தான்.

“ஏழு தடவையும் நாப்பத்திநாலா?” என்றார் பென்ரோஸ். “ஒண்ணு ரெண்டு மாத்திப் போட்டிருக்கலாமேடா. பார்த்தா தெரியுது.”

“என்ன தெரியுது?”

“பதுங்குறது.”

கிளெம் வெளியே நகர்ந்து வந்து எழுந்து உட்கார்ந்தான். முகத்தில் எண்ணெய்.

“அப்பா, நான் பதுங்கல. என் வேகமே இப்ப அவ்வளவுதான்.”

“சரி சரி. மொல்லோயும் அதைத்தான் சொன்னான். அம்மா மேல சத்தியமா வேற.”

“ஓடைப் பள்ளத்துல இறங்குறப்போ கால் தானா எடுத்துக்குது. நான் எடுக்கச் சொல்லல. அழுத்துன்னு சொல்றேன். கேக்க மாட்டேங்குது. தேவாலய வளைவுல கையும் அப்படித்தான்.” தன் கையையே வேறு யாருடையதோபோலப் பார்த்தான். “எனக்குப் பன்னிரண்டு நிமிஷம் குடுங்க. கணக்கு போட்டுப் பார்த்தேன். நடுவுல நாலு பேரோட போயிட்டு, முடிச்சிட்டு வந்துடறேன். அப்புறம் இதை வித்துடலாம். யாரும் என்னை ஏன்னு கேக்க மாட்டாங்க.”

பென்ரோஸ் அவனை உற்றுப் பார்த்தார். முப்பது வருடமாகக் கடைக்காரர்களை இப்படித்தான் பார்த்திருக்கிறார். கண்ணீர் விட்டவர்கள் உண்டு. பெண்டாட்டிக்கு ஆஸ்பத்திரி என்றவர்கள் உண்டு. கல்லாவுக்கு அடியில் கள்ளப் படிக்கல் இருக்கும்.

“பன்னிரண்டு நிமிஷம் வேணுமாம்ல,” என்றார் தலையை ஆட்டிக்கொண்டே. “கணக்கரோட மகனுக்குப் பன்னிரண்டு நிமிஷம். ஊர் என்ன சொல்லும்?”

“ஊர் என்ன வேணாலும் சொல்லட்டும். நீங்க நம்புறீங்களா?”

“நீ நல்லா ஓட்டுவடா,” என்றார் பென்ரோஸ். அது பதில் என்று அவர் நினைத்தார்.

மறுநாள் காலை மருமகள் நெரிடா அலுவலகத்துக்கு வந்தாள். கல்யாணமாகி ஒன்றரை வருடமாகியும் அவரை ‘மிஸ்டர் பென்ரோஸ்’ என்றுதான் கூப்பிட்டாள். வேறுவிதமாகக் கூப்பிடச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. மேசைமேல் வரிசையாக நின்ற பித்தளை எடைகளுக்கு அப்பால் அவள் நின்றாள்.

“உக்காரு. கிளெம் அனுப்பினானா?”

“நான் வந்தது அவருக்குத் தெரியாது. மிஸ்டர் பென்ரோஸ், அவரால முடியாது. பால் லாரியையே முப்பது மைலுக்கு மேல ஓட்ட மாட்டார். பின்னாடி யாராவது ஹார்ன் அடிச்சா ஓரங்கட்டி நிறுத்திட்டு, அஞ்சு நிமிஷம் உக்காந்திருப்பார். நான் பக்கத்துல உக்காந்து பார்த்திருக்கேன்.”

பென்ரோஸ் புன்னகைத்தார். “பால் லாரியிலயும் பழகிப் பார்க்கிறானா?”

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளுத்தது.

“நடிக்கிறார்ங்கிறீங்களா? என்கிட்டயா?”

“உன்னையும் சேர்த்துக்கிட்டான்னு சொல்றேன். தப்பா எடுத்துக்காதம்மா. போன தடவை ஒருத்தன் பாதிரியாரையே அனுப்பினான்.”

“உங்க மகன் உங்ககிட்ட உண்மையைச் சொல்றார். அதுக்கு ஒரு எடைக்கல்லு உங்ககிட்ட இல்லையா?”

“அதுக்குத்தான் கடிகாரம் இருக்கு,” என்றார் அவர். “பந்தயத்தன்னிக்குத் தெரிஞ்சிடும்.”

அவள் போனதும் பட்டியலைச் சுத்தமாக எழுதினார். பதினேழு பெயர்கள். பல் வைத்தியரின் சின்னக் காருக்கு இருபத்தாறு நிமிடம். மொல்லோய்க்கு அவன் எதிர்பார்த்ததில் ஏழு நிமிடம் வெட்டு. கடைசிப் பெயருக்கு எதிரே, சலுகை: இல்லை. ஒரு நியாயவான் தன் சொந்த ரத்தத்துக்கே விட்டுக்கொடுக்கவில்லை என்று ஊர் பேசப்போவதை நினைத்து நெஞ்சு லேசாக விரிந்தது.

பட்டியலை ஹோட்டல் சுவரில் ஒட்டியபோது மதுக்கூடத்திலிருந்து எல்லாரும் கிளாஸோடு வெளியே வந்தார்கள்.

“ஏழு நிமிஷம் வெட்டிட்டியே தராசு!” என்று முகத்துக்கு நேரேயே கத்தினான் மொல்லோய். “இது கறி இல்லைய்யா, என் உசுரு!”

“ஒரு சிகரெட் கம்மியா குடிச்சிருந்தா ஆறோட விட்டிருப்பேன்.”

கூட்டம் சிரித்தது. மொல்லோயும் சிரித்துவிட்டுப் பட்டியலின் கடைசி வரிக்கு வந்தான். சிரிப்பு நின்றது. “யோவ், பையனுக்கு ஒண்ணுமே இல்லையா? ஓடைப் பள்ளத்துல நான் அவன் பின்னாடிதான் வந்தேன். பிரேக் லைட் இருந்திருந்தா எரிஞ்சே தீர்ந்திருக்கும். நிஜமாவே மெதுவாத்தான் போறான்யா.”

“நீ சொல்றியா?” என்றார் பென்ரோஸ். “நீ?”

பொய்யனாக நன்கு பெயர் வாங்கியவன் ஒரு நாள் உண்மை சொல்ல நேர்ந்தால் என்ன செய்வது என்று மொல்லோய் யோசித்து வைத்திருக்கவில்லை.

பந்தய நாளான திங்கட்கிழமை நிழலிலேயே நூற்றெட்டு டிகிரி. தார் இளகி, காலணியோடு வந்தது. பந்தயத்தை நடத்தும் கிளப்பின் தலைவர் கர்னல் ஹார்க்னெஸ் நீலக் கம்பளிக் கோட்டைக் கழற்ற மறுத்து, வியர்வை வழிய ஒரு தொடக்க உரை ஆற்றினார். நாடு, வேகம், வீரம் என்று மூன்று பத்தி. கர்னல் போர் முழுவதையும் அடிலெய்டு நகரக் கிடங்கில் போர்வைகளை எண்ணிக் கழித்தவர் என்பதால் வீரத்தைப் பற்றிப் பேச அவருக்கு நிறைய ஓய்வு இருந்தது.

நேரக் கூடாரத்தில் வரிசையாக ஓட்டுநர்களின் மனைவிமார் உட்கார்ந்தார்கள். சுற்று எண்ணும் வேலை எப்போதும் அவர்களுக்குத்தான். ஈ மொய்த்தாலும் குழந்தை அழுதாலும் சாலையிலிருந்து கண்ணை எடுக்காதவர்கள் வேறு யாரும் கிடையாது என்பது கிளப்பின் கண்டுபிடிப்பு, சம்பளமும் கிடையாது. நெரிடா மடியில் தாள், கையில் கடிகாரம். பென்ரோஸைப் பார்க்கவில்லை.

ஒரு மணிக்குப் பல் வைத்தியர் கிளம்பினார். பிறகு ஒவ்வொன்றாக. கடைசியில் கோட்டில் கிளெமின் கார் மட்டும் நின்றது. முன்னால் போன கார் கிளம்பி மூன்று நிமிடம் அவன் அப்படியே வெயிலில் உட்கார்ந்திருக்க வேண்டும். பன்னிரண்டாயிரம் பேர் அவன் ஒருவனையே பார்த்தார்கள். ஒலிபெருக்கி “சாதனை வீரர்! சிங்கம்!” என்றது.

பென்ரோஸ் கூடாரத்திலிருந்து இறங்கிப் போய்க் காருக்கு மேல் குனிந்தார்.

“கிளெம், இருபத்தி நாலு சுத்தும் வேணாம். முப்பத்தொம்பதுல செஞ்சியே, அதை ஒரே ஒரு தடவை செஞ்சு காட்டு. அப்புறம் உள்ள வந்துடு. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்.”

கிளெம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அவரைப் பார்த்தான்.

“ஒரு தடவை செஞ்சா விட்டுடுவீங்களா?”

“விட்டுடறேன்.”

“சரி,” என்றான். நீட்டியதை வாங்கிக்கொள்கிற அதே குரல். கொடி இறங்கியது.

முதல் சுற்று மூன்று நாற்பத்தொன்பது. அடுத்தது நாற்பத்து நான்கு. அடுத்தது நாற்பத்து நான்கு. நெரிடா நேரத்தைப் படிப்பாள். ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப. ஏழாவது சுற்றில் கூட்டம் கை தட்டுவதை விட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தது. ஒலிபெருக்கிக்காரன் கிடைத்த வாய்ப்பை விடுவானா? “சிங்கம் மத்தியானத் தூக்கத்துல இருக்கு போல!” என்றான். “பால் வண்டிக்கு வழி விடுங்கப்பா!”

“நடிச்சது போதும்டா,” என்று பென்ரோஸ் பல்லைக் கடித்தார். ஆனால் பந்தயத்தில் யாரும் பதுங்க மாட்டார்கள். பதுங்கி என்ன லாபம்?

ஒன்பதாவது சுற்றில், பார்வையாளர் மேடைக்கு நேர் எதிரே, கறிக்கடை மொல்லோய் கிளெமை முந்திக்கொண்டு போனான். போகும்போது கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்பதுபோல ஒரு சைகை செய்தான். கூட்டத்துக்கு அது வேறுவிதமாகப் பட்டது. சீட்டியும் ஊளையும் எழுந்தன. யாரோ ஒருவன் சாண்ட்விச்சைச் சாலையில் எறிந்தான்.

பத்தாவது சுற்று: மூன்று முப்பத்தாறு.

நெரிடா கடிகாரத்தை இரண்டாம் தடவை பார்த்தாள்.

பதினொன்று: மூன்று இருபத்தேழு.

“பார்த்தியா?” என்றார் பென்ரோஸ். நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “பார்த்தியா? முடியாதாம்! கால் கேக்காதாம்!”

பன்னிரண்டு: மூன்று பத்தொன்பது. கூட்டம் மறுபடி அவனுடையதாகிவிட்டது; அவன் வருவதற்கு முன்பே எழுந்து நின்றது. ஹார்க்னெஸ் வந்து பென்ரோஸின் கையைப் பற்றிக் குலுக்கினார்.

“எப்படிக் கண்டுபிடிச்சீங்க? எங்களுக்கெல்லாம் பையனைப் பார்க்கப் பாவமா இருந்துது.”

“என்னை யாரும் ஏமாத்த முடியாது கர்னல். சொந்தப் பிள்ளையா இருந்தாலும்.”

“அவரை நிறுத்துங்க,” என்றாள் நெரிடா.

“என்னம்மா?”

“உள்ள வரச் சொல்லிப் பலகை காட்டுங்க. அவர் முகத்தைப் பார்த்தீங்களா? இங்க தாண்டுறப்போ அவர் எங்கயும் பார்க்கல. முன்னாடியெல்லாம் ஒவ்வொரு தடவையும் உங்களைப் பார்த்துட்டுப் போனார். இப்போ பார்க்கல.”

“நல்லா ஓட்டுற காரை நிறுத்த விதி இல்ல,” என்றார் ஹார்க்னெஸ்.

“மிஸ்டர் பென்ரோஸ்! உங்களைக் கும்புட்டுக் கேக்குறேன்.”

“இன்னும் ஒரு சுத்து,” என்றார் பென்ரோஸ். கண் சாலையில். “ஒரே ஒரு சுத்து. அவனும் நானும் பேசி வெச்சிருக்கோம்.”

பதின்மூன்று: மூன்று பதினைந்து. பதினான்காவது சுற்றில் கார் கோட்டைத் தாண்டியபோது அவரே கடிகாரத்தை அழுத்தினார். மூன்று பதின்மூன்று. ஒலிபெருக்கி அலறியது: புதிய சாதனை. தொப்பிகள் பறந்தன. பென்ரோஸ் அழுதுகொண்டிருந்தார், வெட்கமில்லாமல். “இப்ப வந்துடுவான்,” என்றார். “இந்தச் சுத்தோட உள்ள வந்துடுவான். பலகையெல்லாம் வேணாம்.”

அடுத்த சுற்றில் கடிகாரம் மூன்று பதின்மூன்றைக் கடந்தது. மூன்று முப்பது. மூன்று நாற்பத்து நான்கு. அந்த எண் கடந்தபோது நெரிடா தாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். நான்கு நிமிடம் ஆனபோது தேவாலய வளைவிலிருந்து வந்த தொலைபேசி மணி அடித்தது. எடுத்த ஹார்க்னெஸ் முதல் தடவையாகக் கோட்டின் பொத்தானைக் கழற்றினார்.

வளைவில் நின்ற கொடிக்காரன் பிறகு சொன்னான்: அவன் திருப்பவே இல்லை. பிரேக்கும் போடவில்லை. சாலை நேராகத்தான் போகிறது என்பதுபோல வந்தான். அங்கே ஒரு யூக்கலிப்டஸ் மரம் இருந்தது.

பந்தயம் நிற்கவில்லை, நிற்கும் வழக்கம் இல்லை. ஒன்றேமுக்கால் மணி நேரம் ஓடிய பிறகு முதல் ஐந்து கார்களும் பதினொரு வினாடிக்குள் கோட்டைத் தாண்டின. அந்த நாட்டில் அதற்குமுன் அப்படி ஒரு முடிவை யாரும் பார்த்ததில்லை. மொல்லோய் ஒரு சக்கர நீளத்தில் வென்றான். இறங்கியதும் விஷயத்தைக் கேட்டு, கோப்பையைப் பார்க்காமலே வீட்டுக்குப் போனான்.

அடக்கம் முடிந்த மறுநாள் பென்ரோஸ் நெரிடாவைத் தேடிப் போனார். அவள் அம்மா வீட்டுக்குப் போகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

“ஒரு கடுதாசி எழுதிக் குடும்மா,” என்றார். “கிளெம் பதுங்கலைன்னு. உன்கிட்ட சொன்னதை. பால் லாரி விஷயம். கிளப்புல வெக்கணும்.”

அவள் சட்டை ஒன்றை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

“நான் வந்து நின்னு சொன்னப்போ நீங்களே நம்பல. இப்போ காகிதத்தை யார் நம்புவாங்க? மூணு பதிமூணுன்னு நானே என் கையால எழுதியிருக்கேன்.” அதற்குப் பிறகு அவர் இருப்பதையே மறந்ததுபோல வேலையைப் பார்த்தாள். அவர் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்.

வியாழக்கிழமை கிளப் குழு கூடியது. எல்லாரும் கறுப்பு நாடா கட்டியிருந்தார்கள். பென்ரோஸ் எழுந்து, தான் எழுதி வந்ததைப் படித்தார். பதினேழாம் எண் காருக்குக் கொடுத்த சலுகை தவறு. கொடுத்திருக்க வேண்டியது பன்னிரண்டு நிமிடம். ஓட்டுநர் தன் வேகத்தை உண்மையாகத் தெரிவித்தார், கணக்கர் நம்பவில்லை. இதைப் பதிவு செய்ய வேண்டும்.

ஹார்க்னெஸ் மெல்ல இருமினார்.

“பென்ரோஸ், உங்க மனசு புரியுது. ஆனா இது உண்மை இல்லையே.”

“உண்மைதான்.”

“சாதனை அவன் பேர்ல இருக்கு. மூணு பதிமூணு. மெதுவா ஓட்டுறவனுக்கு அது எப்படி வரும்? உங்க கணக்குதான் சரி. அஞ்சு கார் பதினொரு செகண்டுல! இந்த நாட்டுல இப்படி ஒரு கணக்கை யாரும் போட்டதில்ல.”

“அவன் என்கிட்ட சொன்னான் கர்னல். கொட்டகையில. கால் தானா எடுத்துக்குதுன்னு.”

“எல்லாரும் ஏதாவது சொல்லுவாங்க, இல்லையா?” என்றார் ஹார்க்னெஸ், மிகுந்த பரிவோடு. “அதை எங்களுக்குச் சொல்லிக்குடுத்ததே நீங்கதானே.”

பென்ரோஸ் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லா முகத்திலும் இரக்கம். ஒன்றில்கூட நம்பிக்கை இல்லை. துக்கத்தில் இருக்கும் ஒரு மனிதர் தன்மேல் பழி போட்டுக்கொள்கிறார், பாவம், அவ்வளவுதான். முப்பது வருடம் அவர் சொன்ன எடையை இந்த வட்டாரம் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. இந்த ஒன்றை மட்டும் வாங்க ஆளில்லை.

சலுகை நேரங்கள் குறையற்றவை என்றும், கணக்கரின் நேர்மை எல்லாருக்கும் முன்மாதிரி என்றும் தீர்மானம் எழுதப்பட்டது. கைகள் உயர்ந்தன. முடிவுத்தாளை அவர் முன் தள்ளினார் ஹார்க்னெஸ். கணக்கர் கையெழுத்துப் போட்டால்தான் பந்தயம் செல்லும்.

“போட மாட்டேன்,” என்றார் பென்ரோஸ்.

“போடலைன்னா பந்தயமே நடக்கலைன்னு ஆயிடும். சாதனையும் போயிடும்.” கர்னலின் குரல் தாழ்ந்தது. “அப்புறம் கிளெம் எதுக்காகப் போனான்னு சொல்றது?”

பேனா யாரோ திறந்து வைத்திருந்தார்கள். பென்ரோஸ் அதை எடுத்தார். தாளில் கடைசிப் பெயருக்கு எதிரே, சலுகை இல்லை என்று அவருடைய கையெழுத்திலேயே இருந்தது. பக்கத்தில் மூன்று பதின்மூன்று. இரண்டையும் சேர்த்துப் படித்தால், யார் படித்தாலும், எந்தக் காலத்தில் படித்தாலும், பையன் பொய் சொன்னான் என்றுதான் வரும்.

கீழே கோடு போட்டிருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டார். ஹார்க்னெஸ் மை உலரட்டும் என்று தாளை எடுத்து மெதுவாக ஊதினார். யாரோ தேநீர் கொண்டுவரச் சொல்லிக் குரல் கொடுத்தார்கள்.